யார் சொன்னாள், யார் மேல் சொன்னாள்

"பொண்ணு சொன்னா அப்படியே நம்பிருவீங்களா மேடம்?" கோவை, திருப்பூர் பக்கம் பணியிடப் பாலியல் தொல்லை தடுப்புச் சட்டத்தைப் பற்றி எந்த நிறுவனத்தில் பேசப் போனாலும், டீ வருவதற்கு முன் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். இன்னொரு கேள்வியும் வரும். அது கூட்டத்தில் வராது. எல்லாரும் கலைந்த பிறகு, லிஃப்ட் பக்கத்திலோ கை கழுவும் இடத்திலோ ஒரு பெண் வந்து நிற்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சொன்னா நம்புவாங்களா மேடம்?" என்பார்.

நான் தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீல். வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்களுக்காக லேபர் கோர்ட்டில் வாதாடுவதுதான் என் பிழைப்பு. சார்ஜ் மெமோ சரியாகக் கொடுத்தார்களா, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விட்டார்களா, விசாரணை அதிகாரி நிர்வாகத்தின் ஆளா என்று நோண்டிக்கொண்டே இருப்பது எங்கள் தொழில். அதோடு சில ஆண்டுகளாக சில நிறுவனங்களின் உள்ளகப் புகார் குழுவில், நம் ஊர் வழக்கில் சொன்னால் விசாகா கமிட்டியில், வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். ஒரு பக்கம் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேசுகிறாய், இன்னொரு பக்கம் புகார் கொடுத்தவளுக்காக உட்காருகிறாய், எப்படி ஒத்துப்போகிறது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கு அதில் முரண் தெரிந்ததே இல்லை. பெண்ணை நம்புவதா, ஆணுக்கு நியாயம் செய்வதா என்று தராசில் வைத்துப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நம் பணியிடங்களில் நம்பிக்கையும் நியாயமும் பதவியைப் பார்த்துத்தான் வழங்கப்படுகின்றன. பெரிய இடத்துப் பெண் சின்ன வேலைக்காரன் மேல் சொன்னால் விசாரணையே வேண்டாம், உடனே நம்புகிறார்கள். சின்ன வேலைக்காரி பெரிய அதிகாரி மேல் சொன்னால் திடீரென்று எல்லாருக்கும், இரு தரப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும் என்ற இயற்கை நீதி ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது.

இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன். சட்டத்தின் 16-ஆம் பிரிவு புகார்தாரர், எதிர்மனுதாரர் (புகாருக்கு ஆளானவர்), சாட்சிகள் என யாருடைய அடையாளத்தையும் வெளியிடக் கூடாது என்கிறது. அதனால் ஊர், தொழில், சூழல் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். உள்ளே இருக்கும் விஷயம் மாறவில்லை.

ஓர் அலுவலகத்தில் இரவு ஷிஃப்டுக்குக் கார் ஓட்டிய டிரைவர். ஒப்பந்த ஆள். அவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வருகிறார், நம்பர் வாங்கி மெசேஜ் அனுப்புகிறார் என்று அங்கே வேலை செய்த ஒரு பெண், தன் மேலாளரிடம் சொன்னார். அவர் கேட்டது வேறு வண்டி, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே நிர்வாகம் டிராவல்ஸ்காரருக்கு போன் போட்டு அந்த டிரைவரை எடுத்துவிட்டது. எழுத்தில் புகார் இல்லை, கமிட்டிக்குத் தகவல் இல்லை, மெசேஜை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை, டிரைவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுறுசுறுப்பாக நடவடிக்கை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணோ பயந்துபோனார். அவர் வீடு எந்தச் சந்தில், மாடியா கீழா, விடியற்காலை எத்தனை மணிக்கு வந்து இறங்குவார் என்பதெல்லாம் அந்த டிரைவருக்குத் தெரியும். ஏன் வேலை போனது என்று யாரும் முறையாகச் சொல்லாததால், "அந்தப் பொண்ணு போட்டுக் கொடுத்துட்டா" என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. அவர் செய்தாரா இல்லையா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அந்தப் பெண் அலுவலகம் மாறிப் போய்விட்டார்.

இன்னொன்று. கணக்குப் பிரிவில் பயிற்சிக்குச் சேர்ந்த பெண், பொது மேலாளர் மேல் எழுத்தில் கொடுத்த புகார். இங்கே எல்லாமே நிதானமாக நடந்தது. அவருக்குப் புகார் நகல் போனது, இணைப்புகள் போயின, பதில் எழுதக் கேட்ட நேரமெல்லாம் கொடுத்தார்கள். ஷிப்மெண்ட் இருக்கிறது, சென்னையில் மீட்டிங், உடம்பு சரியில்லை என்று வாய்தா மேல் வாய்தா. 90 நாளில் முடிக்க வேண்டிய விசாரணை 90 நாளைத் தாண்டியது. இதற்குள் அந்தப் பெண்ணை "உன் பாதுகாப்புக்குத்தாம்மா" என்று சொல்லி குடோன் கணக்குக்கு மாற்றிவிட்டார்கள். இடைக்கால நிவாரணமாக இடமாற்றம் கொடுக்கலாம் என்பது உண்மை. ஆனால் 12-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும், புகார் கொடுத்தவர் எழுதிக் கேட்டால்தான் அது. மாற்றுவதென்றால் அந்த அதிகாரியையே மாற்றலாம். "இருபது வருஷமா கூட இருக்கிற மனுஷன், எப்படி மேடம்?" என்றார் முதலாளி. கடைசியில் அவள் ராஜினாமா கொடுத்தாள். புகார்தாரர் ஒத்துழைக்காததால் முடித்துவைக்கப்படுகிறது என்று அறிக்கை தயாரானது. நான் மாறுபட்ட கருத்தைத் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த ஆண்டு அந்தக் கமிட்டிக்கு வேறு வெளி உறுப்பினர் வந்துவிட்டார்.

டிரைவருக்குக் கிடைக்காத நியாயமும் பயிற்சிப் பெண்ணுக்குக் கிடைக்காத நம்பிக்கையும் ஒரே இடத்தில்தான் தடுக்கப்பட்டன. யாருடைய சொல்லுக்கு மதிப்பு, யாருடைய வேலை முக்கியம் என்று நிர்வாகம் முன்கூட்டியே முடிவு செய்துவைத்திருந்த இடம் அது.

இந்தச் சட்டத்தின் வரலாறே இப்படித்தான் ஆரம்பிக்கிறது. ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில் பன்வாரி தேவி அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் களப்பணியாளர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனது அவருடைய வேலையின் ஒரு பகுதி. அதற்காக 1992-இல் மேல்சாதி ஆண்கள் அவரைக் கூட்டு வன்கொடுமை செய்தார்கள். 1995-இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. அந்த வன்கொடுமைக்குப் பிறகு பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனதால்தான் 1997 ஆகஸ்டில் விசாகா வழிகாட்டுதல்கள் வந்தன. அவற்றைச் சட்டமாக்க 2013 ஆனது. பன்வாரி தேவி வேலை பார்க்கப் போன இடத்தில் தாக்கப்பட்டவர் என்பதை நாம் மறந்தே போகிறோம். அவர் சொன்னதன் மதிப்பை அவருடைய சாதியும் அவர்களுடைய சாதியும் முடிவு செய்தன.

1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழக வழக்கை ஒவ்வொரு கமிட்டி உறுப்பினரும் படிக்க வேண்டும். 1988-இல் நடந்த சம்பவம். கழகத் தலைவரின் தனிச் செயலர், ஒரு பெண் தட்டச்சரை டிக்டேஷன் எடுக்க டெல்லி நட்சத்திர ஓட்டலுக்கு வரச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு டிக்டேஷன் எடுக்கும் பயிற்சியே கிடையாது. அங்கே நெருக்கமாக வந்து தொட முயன்றார், அவள் எதிர்த்தாள். உள்விசாரணை நடந்து அவர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். டெல்லி உயர் நீதிமன்றம், முயற்சி செய்தாரே தவிரத் தொடவில்லையே என்று சொல்லி அவரைத் திரும்ப வேலையில் சேர்க்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வேலை நீக்கம் சரிதான் என்றது. தொட்டாரா தொடவில்லையா என்று அளந்து பார்க்காதே, மொத்தச் சூழலையும் பார் என்பது அதன் சாரம். நான் இந்த வழக்கில் இன்னொன்றையும் பார்க்கிறேன். குற்றச்சாட்டு எழுத்தில் கொடுக்கப்பட்டது, அவர் பதில் சொன்னார், சாட்சிகள் வந்தார்கள். அந்த விசாரணை முறையாக நடந்திருந்ததால்தான் பத்து வருடம் கழித்து அந்தத் தட்டச்சரின் வார்த்தை உச்ச நீதிமன்றத்தில் நின்றது.

முறையாக நடக்காவிட்டால் என்ன ஆகும்? நான் ஜூனியராகக் கட்டுத் தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் பார்த்தேன். எங்கள் சீனியர் ஒரு மில் எலக்ட்ரீஷியனுக்காக ஆஜரானார். கூட வேலை செய்த பெண்ணிடம் தவறாக நடந்ததாகச் சொல்லி அவரை நீக்கியிருந்தார்கள். விசாரணை இரண்டே நாளில் முடிந்திருந்தது. புகார் நகலே அவருக்குக் கொடுக்கவில்லை. சாட்சிகளை அவர் இல்லாதபோது கூப்பிட்டு எழுதி வாங்கியிருந்தார்கள். உள்விசாரணை செல்லாது என்று லேபர் கோர்ட் சொல்லிவிட்டது. இப்படி ஆகும்போது நிர்வாகத்துக்கு ஒரு வாய்ப்பு உண்டு. குற்றச்சாட்டை நீதிமன்றத்திலேயே முதலிலிருந்து நிரூபிக்கலாம். அதாவது, அந்தப் பெண் திரும்ப வர வேண்டும். அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போயிருந்தாள். ஒருநாள் அவளுடைய அண்ணன் மட்டும் கோர்ட்டுக்கு வந்து, வராண்டாவில் நிர்வாகத்தின் வக்கீலிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "அவ மாமியார் வீட்டுக்கு இது எதுவும் தெரியாதுங்க. சம்மன் கிம்மன் அனுப்பிராதீங்க." அவள் வரவில்லை. எலக்ட்ரீஷியன், வேலை இல்லாமல் இருந்த காலத்துச் சம்பளத்தோடு வேலைக்குத் திரும்பினார். எங்கள் கட்சிக்காரர் ஜெயித்தார், சட்டப்படி சரியான தீர்ப்பு. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அநியாயம் செய்தது நீதிமன்றமும் அல்ல, எங்கள் சீனியரும் அல்ல. அவளை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவனுக்கு ஒரு நகல் காகிதம் கொடுக்காமல் விட்ட நிர்வாகம்.

2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் கோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவரின் வழக்கில் சொன்னதும் இதைத்தான். 2009-இல் மாணவிகள் கொடுத்த புகார். கமிட்டி 39 நாளில் 18 முறை கூடி விசாரணையை ஓட்டமாக ஓட்டி முடித்தது. பேராசிரியருக்குத் தன் தரப்பைச் சொல்லப் போதிய வாய்ப்புத் தரவில்லை என்று சொல்லி, வேலை நீக்கத்தை ரத்து செய்து, விசாரணையை விட்ட இடத்திலிருந்து மறுபடி நடத்த அனுப்பினார்கள். புகார் கொடுத்து 14 வருடம் ஆகியிருந்தது. அதே தீர்ப்பில், நாடு முழுக்க அரசு அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் கமிட்டிகள் உண்மையில் இருக்கின்றனவா என்று சரிபார்க்கவும் உத்தரவிட்டார்கள். கமிட்டியே இல்லாத இடங்களும், அரைகுறையாக அமைத்த கமிட்டிகளும் அவ்வளவு இருப்பதைக் கண்டு நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். ஆணுக்குச் சாதகமான தீர்ப்பு என்று சிலர் கொண்டாடினார்கள், பெண்களுக்கு எதிரானது என்று சிலர் கொதித்தார்கள். முழுதாகப் படித்தவர்கள் இரண்டையும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, முறையான விசாரணை என்றால் எப்படி இருக்கும்? திருப்பூர்ப் பக்கத்து ஆடை நிறுவனம் ஒன்றில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது என்னை இன்றும் தெம்பாக வைத்திருக்கிறது.

செக்கிங் பிரிவில் வேலை செய்த பெண். லைன் சூப்பர்வைசர் மேல் புகார். அந்தப் பெண்ணுக்கு எழுதத் தெரியாது. எழுத முடியாதவருக்கு எழுத உதவ வேண்டியது கமிட்டியின் கடமை என்று சட்டத்திலேயே இருக்கிறது. கமிட்டித் தலைவர் அந்த நிறுவனத்திலேயே தரக்கட்டுப்பாட்டு மேலாளர், நிதானமான மனுஷி. அவரே உட்கார்ந்து எழுதி, வரி வரியாக வாசித்துக் காட்டினார். "தவறான எண்ணத்துடன் தொட்டார்" என்ற வரி வந்ததும் அந்தப் பெண் நிறுத்தினார். "அப்படி எழுதாதீங்கக்கா. பீஸ் பார்க்கிற மாதிரி பின்னாடி வந்து இடுப்புல கை வெச்சு அழுத்துனாருன்னு எழுதுங்க. ஓவர்டைம் வேணும்னா அனுசரிச்சுப் போன்னு சொன்னாருன்னு எழுதுங்க." அப்படியே எழுதினோம். புகார் மனுவில் வக்கீல் தமிழ் நுழைந்தால் நடந்தது என்னவென்று யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

விதிப்படி 7 வேலை நாளுக்குள் நகலும் இணைப்புகளும் சூப்பர்வைசர் கைக்குப் போயின. பதில் தர அவருக்கு 10 வேலை நாள். விசாரணை முடியும்வரை அவரை வேறு யூனிட்டுக்கு மாற்றினோம், அந்தப் பெண் எழுதிக் கேட்டதால். கமிட்டி முன் வக்கீல் வைத்துக்கொள்ள இரண்டு தரப்புக்கும் அனுமதியில்லை. சூப்பர்வைசர் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிக் கொடுக்கச் சொன்னோம். நேருக்கு நேர் உட்கார வைக்கவில்லை. நாங்கள் அந்தக் கேள்விகளை அந்தப் பெண்ணிடம் கேட்டு, பதிலை எழுதி, சூப்பர்வைசருக்குக் காட்டினோம். வீட்டுக்காரர் ஏன் இவளை விட்டுப் போனார், லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வேலைக்கு வருவாளா என்பது போன்றவற்றை அடித்துவிட்டு, ஏன் அடித்தோம் என்று பக்கத்திலேயே காரணம் எழுதினோம். ஆனால் ஒரு கேள்வி முக்கியமானது. புகாரில் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஊரில் நோம்பி (திருவிழா), நான் லீவு, பதிவைப் பாருங்கள் என்று அவர் கேட்டிருந்தார். பார்த்தோம், லீவுதான்.

அந்த இடத்தில் அறையில் இருந்த ஒரு உறுப்பினரின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. பொய் பிடிபட்டுவிட்டது என்ற முகம். அந்தப் பெண்ணிடம் கேட்டோம். அவர் யோசித்து, "சம்பளக் கவர் பையில இருந்துச்சுங்க்கா, அது கீழ விழுந்துருமோன்னு பிடிச்சுட்டே தள்ளிவிட்டேன்" என்றார். அங்கே வாரச் சம்பளம், சனிக்கிழமை கொடுப்பார்கள். சனிக்கிழமை பதிவில் சூப்பர்வைசர் இருந்தார். மணிக்கொரு முறை உற்பத்தி எண்ணிக்கை எழுதும் போர்டின் நோட்டில், அந்த நேரத்துக்கு அந்த லைனில் அவர் கையெழுத்து இருந்தது. "அன்னிக்கு முழுக்க கட்டிங்லதான் இருந்தேன்" என்று இரண்டாவது தடவை அவர் எழுதிக் கொடுத்த பதிலுக்கு அது நேர் எதிர். பக்கத்து டேபிள்காரம்மா தான் பார்க்கவில்லை என்றார், ஆனால் இவர் அன்று சாயங்காலமே அழுதுகொண்டு தன்னிடம் சொன்னதைச் சொன்னார். புகார் நிரூபணமானது என்று எழுதினோம். சூப்பர்வைசர் வேலையை இழந்தார்.

அந்த வெள்ளிக்கிழமைக் கேள்வியைக் கேட்க விடாமல் தடுத்திருந்தால், அதே கேள்வி பின்னால் லேபர் கோர்ட்டில் என்னைப் போன்ற ஒரு வக்கீலின் வாயிலிருந்து வந்திருக்கும். அப்போது சம்பளக் கவரை ஞாபகப்படுத்திச் சொல்ல அந்தப் பெண்ணுக்குக் கூண்டில் யாரும் அவகாசம் தந்திருக்க மாட்டார்கள். நாள் மாறிச் சொல்வது பொய்யின் அடையாளம் அல்ல. பயந்தவர்களுக்குத் தேதி நிற்பதில்லை, கையில் என்ன இருந்தது என்பது நிற்கிறது. இதை எத்தனையோ சாட்சிகளிடம் பார்த்திருக்கிறேன், ஆண்களிடமும்.

நம்புவது என்று நான் சொல்வது இதைத்தான். ஒருவர் வந்து சொன்னால், இது நடந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு உடனே வேலையில் இறங்குவது. சிசிடிவி பதிவு சில வாரத்தில் தானாக அழிந்துவிடும், அதை அன்றே எடுத்து வைக்கச் சொல்வது. வாட்ஸ்அப் உரையாடலை நாலு ஸ்கிரீன்ஷாட்டாக வாங்காமல் முன்னும் பின்னுமாக முழுசாக வாங்கி வைப்பது. ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தாய் என்ற கேள்வியை முதல் கேள்வியாகக் கேட்காமல் இருப்பது. முடிவை அப்போதே எழுதிவிடுவது நம்பிக்கை ஆகாது. அதேபோல புகார் கொடுத்தவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் செய்யும் நியாயமும் ஆகாது. நகல், நேரம், கேள்வி கேட்கும் உரிமை, அறிக்கையின் பிரதி, மேல்முறையீடு. அவருக்குக் கிடைக்க வேண்டியவை இவை. சந்தேகம் இவற்றுக்கு மாற்று அல்ல.

பொய்ப் புகார் பற்றிச் சொல்லாமல் விட்டால் முதல் கேள்வி கேட்டவர்கள் விடமாட்டார்கள். பொய்ப் புகார் வராது என்று நான் சொல்ல மாட்டேன். மனிதர்கள் இருக்கும் இடத்தில் எல்லாம் வரும். 14-ஆம் பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. கெட்ட எண்ணத்தோடு, பொய் என்று தெரிந்தே கொடுத்ததாக விசாரித்து நிரூபித்தால் நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் புகாரை நிரூபிக்க முடியாமல் போனது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை வெட்டிவிட்டு முதல் பாதியை மட்டும் கொட்டை எழுத்தில் ஒட்டிவைத்த நோட்டீஸ் போர்டுகளை எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். கமிட்டி உறுப்பினர்களின் போன் நம்பர் கீழே பொடி எழுத்தில் இருக்கும். அந்த போர்டைப் பார்த்துவிட்டு எந்தப் பெண் வருவாள்? எனக்கு அடக்க முடியாத கோபம் வரும் இடம் இது. கழற்றி வேறு ஒட்டும்வரை நான் அந்த இடத்தில் பயிற்சி வகுப்பு எடுப்பதில்லை.

நிரூபணமாகாமல் வெளியே வருகிற ஆணைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் யாரும் பேசுவதில்லை. ஒரு லேப் உதவியாளர் ஞாபகம் வருகிறார். ஆதாரம் போதவில்லை என்று எழுதினோம். அறிக்கையை வாங்கிக்கொண்டு, "இதை எங்க வீட்டுல காட்டலாங்களா மேடம்?" என்று கேட்டார். ரகசியம் காக்க வேண்டிய கடமை அவருக்கும் உண்டு என்பதை நான் விளக்க வேண்டியிருந்தது. புகார் யாருக்கும் தெரிந்திருக்கவே கூடாது, ஆனால் கேன்டீனில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளையும் பேசினார்கள், அவரையும் பேசினார்கள். விஷயத்தைக் கசியவிட்டது யார் என்று கண்டுபிடித்து 17-ஆம் பிரிவின்படி அபராதம் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். விதிப்படி 5,000 ரூபாய். தொகை சின்னதுதான், ஆனால் ஒரே ஒரு தடவை வசூலித்தால்கூட அந்தக் கேன்டீனில் பேச்சு குறையும். அதோடு, நிறுத்தி வைத்த அவருடைய இன்கிரிமென்ட்டைக் கொடுக்கச் சொன்னோம், கொடுத்தார்கள். புகார் கொடுத்த பெண்ணுக்கும் எந்தத் தண்டனையும் இல்லை. அவர்கள் இருவரும் இன்றும் அங்கேதான் வேலை செய்கிறார்கள், வேறு வேறு கட்டடத்தில்.

மேலே போகப் போக இந்த நியாயம் எப்படிக் கோணலாகிறது என்பதற்கு நாடறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் அப்போதைய தலைமை நீதிபதி மேலேயே புகார் கொடுத்தார். செய்தி வெளியானதும் ஒரு சனிக்கிழமை அவசரமாக அமர்வு கூடியது, அதில் தலைமை நீதிபதியே உட்கார்ந்தார். பிறகு நீதிபதிகள் குழு விசாரித்தது. வக்கீலையோ துணையாளையோ உடன் வைத்துக்கொள்ள விடவில்லை என்று சொல்லி அந்தப் பெண் விசாரணையிலிருந்து விலகினார். புகாரில் சாரம் இல்லை என்று மே மாதம் குழு முடித்தது. அறிக்கை சம்பந்தப்பட்ட நீதிபதிக்குப் போனது, புகார் கொடுத்தவருக்குக் கொடுக்கப்படவில்லை. 2020-இல் அவரை மறுபடி வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் புகார் உண்மையா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. எலக்ட்ரீஷியனுக்கு நகல் கொடுக்காத மில்லைக் கண்டித்த நீதித்துறை, தன் வீட்டுக்குள் புகார் வந்தபோது அறிக்கை நகலைப் புகார்தாரர் கையில் கொடுக்கவில்லை என்பது எனக்கு ஆறவில்லை.

2021 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டில் ஒரு பெண் எஸ்பி, சிறப்பு டிஜிபி மேல் புகார் கொடுக்க சென்னைக்கு வரும் வழியில் செங்கல்பட்டுப் பக்கம் காரை மறித்தார்கள். மறித்தது போலீஸ். 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் அந்த அதிகாரிக்கு மூன்று ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கேட்கிறேன், காவல்துறைக் கண்காணிப்பாளருக்கே சாலையில் இந்த நிலை என்றால், மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யும் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்?

அதே 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். அதற்கு முன்பே தொல்லை இருந்ததாக வீட்டாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் சங்கம், விடாமல் போராடி 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் அதில் கையெழுத்திட்டுக் கட்டுப்பட்டது என்பதுதான் அதில் புதிது. தையல் லைனிலேயே வேலை செய்யும் பெண்கள் பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். தொல்லை சின்னதாக இருக்கும்போதே, ஒரு கெட்ட வார்த்தை, ஒரு கத்தல் என்ற அளவிலேயே பேசித் தீர்க்கப்பட்டது. வேலை போகாமல் ஆளும் திருந்தலாம், உயிர் போகாமல் பெண்ணும் வேலை செய்யலாம். புகார் ஆரம்பத்திலேயே கேட்கப்பட்டால் குற்றம் சாட்டப்பட்டவனுக்கும் அதுதான் பெரிய நியாயம் என்று நான் நினைப்பது இதனால்தான். எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவனை இடுப்பில் கை வைக்கும் அளவுக்கு வளரவிட்டு, பிறகு ஒரே நாளில் வெளியே தள்ளுவதில் யாருக்கு என்ன லாபம்?

கடைசியாக, லிஃப்ட் பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்குச் சில நடைமுறை விவரங்கள். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தாமதத்துக்குக் காரணம் இருந்தால் கமிட்டி இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம், ஆகவே நாள் தாண்டிவிட்டது என்று நீங்களே முடிவு செய்துகொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், தினக்கூலி எல்லாரும் கொடுக்கலாம். சமரசம் பேசலாம் என்று நீங்கள் கேட்டால்தான் பேச வேண்டும், அவர்கள் உங்களைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது. சமரசத்துக்குப் பணம் அடிப்படையாக இருக்கவும் கூடாது. 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் பட்டறை, கடை, வீட்டு வேலை என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்ப் புகார் குழுவுக்குப் போகலாம். ஆட்சியர் அலுவலகத்தில் சமூக நலத்துறையைக் கேட்டால் வழி சொல்வார்கள். புகார் வந்தவர்களுக்கும் ஒன்று. நகல் கைக்கு வராமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், "ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிரு, வெளியில தெரியாது" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், புகார் கொடுத்தவருக்கு நீங்களோ உங்கள் வீட்டாரோ போன் போடவே போடாதீர்கள். பதிலை உங்கள் சொந்த வார்த்தையில், நடந்தது நடந்தபடி எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் சங்கத்தில் யாரையாவது எழுதித் தரச் சொல்லுங்கள்.